ஒன்றரை அங்குல வாட்டமும் உச்சிக்கால மணியும்

சிங்க்கில் ஒரு கறிவேப்பிலை மிதந்துகொண்டிருந்தது.

ரசத்திலிருந்து தப்பி வந்த இலை. தண்ணீரில் சின்னதாக ஒரு சுழி விழும், அதில் ஒரு சுற்றுச் சுற்றி இலை உள்ளே போய்விடும் என்று நானும் என் மனைவி மங்கையும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். தூண்டில் போட்டவன் தக்கையைப் பார்ப்பது போல மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். இலை அசையவில்லை.

"போவுதாங்க?"

"போவும்."

"காலையிலேர்ந்து போவும் போவும்ங்கிறீங்க."

கரண்டிக் காம்பால் அடியில் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளேயிருந்து 'குளுக்' என்று ஒரு சத்தம். பெரிதாக ஒரு குமிழி வந்து உடைந்தது. ரச வாசனையும் சாக்கடை வாசனையும் கலந்து முகத்தில் அடித்தது.

"பதில் சொல்லுதுங்க," என்றாள். "என்ன சொல்லுதுன்னுதான் தெரியல."

புதுச் சிங்க். வைத்து ஒன்பதாம் நாள். முதல் மூன்று நாள் தண்ணீர் ஓடியது. நாலாம் நாள் நடந்தது. ஒன்பதாம் நாள் உட்கார்ந்துவிட்டது.

போன வாரம் என் முதல் தையல் மிஷின் வீட்டுக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் கடை போட்ட கதையைத்தான் எழுத வேண்டும். ஆனால் மங்கை, "சிங்க் கதைய எப்ப எழுதுவீங்க, என் காலத்துக்குள்ள எழுதிருவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிற தொடர்தானே, முன்னே பின்னே வந்தால் என்ன.

கேட்டது ஒன்றே ஒன்று

கல்யாணம் ஆகி முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. மங்கை போலகத்துப் பெண். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட பொருட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்றுதான் இந்தச் சிங்க்.

அத்தனை வருசமும் அவள் கொல்லைப்பக்கம் குந்தி உட்கார்ந்துதான் பாத்திரம் தேய்த்தாள். ஒரு நாள் மத்தியானம் தேய்த்து முடித்ததும் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. நான் கடையில் இருந்தேன். கூப்பிட ஆளில்லை. அப்படியே தவழ்ந்து போய், துணி துவைக்கிற கல்லைப் பிடித்து எழுந்திருக்கிறாள். சாயங்காலம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"குழந்தையா இருந்தப்ப தவழ்ந்தது மறந்தே போச்சுங்க. இன்னிக்கு ஞாபகம் வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நின்னுக்கிட்டு தேய்க்கணும்ங்க. அவ்வளவுதான்."

நான் தையல்காரன். அளவு எடுப்பதுதான் பிழைப்பு. மறுநாளே மங்கையைச் சமையலறையில் நிற்க வைத்து டேப்பைப் போட்டேன். தலையிலிருந்து கால்வரை ஐம்பத்தாறரை அங்குலம். முழங்கை மடக்கும் இடம், மணிக்கட்டு தொங்கும் இடம், எல்லாம் ரவிக்கைக்கு எடுப்பது போல எடுத்து நோட்டில் எழுதினேன். மற்ற வீட்டு மேடையைவிட நாலு அங்குலம் குறைத்து, அவள் கை தொங்கும் இடத்தில் சிங்க் வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ரவிக்கை பிடிக்கவில்லை என்றால் பிரித்துத் தைக்கலாம். இதைப் பிரிக்க முடியாது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

மூன்று அடியா, இருபத்திரண்டு அடியா?

எங்கள் வீடு கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ஒரு படி மண்ணுக்குள் போனது. மூன்றும் போன பிறகு இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். முதல் தடவை வருகிறவர்கள் எங்கள் வாசலில் தடுக்கி, கும்பிட்டபடியேதான் உள்ளே வருவார்கள். மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

ரோடு உயர்ந்தால் சாக்கடையும் கூடவே உயர்ந்துவிடும். அதனால் எங்கள் சமையலறைத் தரையைவிடத் தெருச் சாக்கடை ஒசரம். நாங்கள் குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர் எல்லாம் கொல்லையில் தென்னைக்குப் போய்விடும். எச்சில் பாத்திரத் தண்ணீர்தான் வம்பு. அதை மட்டும் இதுவரை வாளியில் பிடித்துத் தெருச் சாக்கடையில் கொண்டுபோய் ஊற்றிவந்தோம்.

குழாய் வேலைக்கு ஹாஜா பாயைக் கூப்பிட்டேன். பதினெட்டு வருசம் வளைகுடாவில் மாடி மாடியாகக் குழாய் போட்டுவிட்டு ஊரோடு வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் சட்டை எல்லாம் நான் தைத்ததுதான். பாக்கெட்டில் பென்சில் நிற்க ஒரு தனித் தையல் கேட்பார், போட்டுக் கொடுப்பேன்.

வந்தவர் சமையலறைப் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மூணே அடி. சுவத்துல ஒரு ஓட்டை, அந்தாண்ட ஒரு குழி, பக்கத்துல ரெண்டு வாழை. மத்தியான சாப்பாட்டுக்குள்ள வேலை முடிஞ்சிரும்."

"முடியாது பாய்."

"ஏண்ணே?"

பின்னால் எங்கள் கொல்லை நாலடி அகலம்தான். அதற்கு அப்புறம் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் சிவன் கோயில் நந்தவனம். நந்தியாவட்டையும் அரளியும் வில்வமும் அங்கிருந்துதான் சாமிக்குப் போகின்றன.

"குழி நம்ம பக்கம்தானேண்ணே வருது?"

"எச்சித் தண்ணி மண்ணுல ஊறும். மண்ணுக்கு நம்ம பக்கம், சாமி பக்கம்னு தெரியுமா பாய்? நான் சாப்பிட்ட தட்டு கழுவுன தண்ணியில அந்த வில்வம் வளந்து அவர் தலைமேல போய் உக்காரணுமா?"

ஹாஜா பாய் மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகினார்.

"இருபத்திரண்டு அடி ஆவும்ண்ணே, தெருவுக்குக் கொண்டு போனா."

"ஆவட்டும்."

"சாமிக்குன்னு சொல்லிட்டீங்க. இதுக்கு மேல நான் பேசுனா மரியாதை இல்ல."

ஆக, வீட்டோரச் சந்து வழியாக இருபத்திரண்டு அடிக்குக் குழாய். இங்கேதான் வாட்டம் என்று ஒன்று வருகிறது. தண்ணீர் தானாகப் போக, குழாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போக வேண்டும் அல்லவா, அந்தச் சாய்வுக்குத்தான் வாட்டம் என்று பெயர். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மனிதர்களின் தோளிலும் வாட்டம் உண்டு. கழுத்திலிருந்து தோள் முனைக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும். அதைப் பார்க்காமல் வெட்டினால் சட்டை மாட்டின ஆள், ஹேங்கரை எடுக்காமல் போட்டுக்கொண்டவர் போல இருப்பார்.

பாய் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் வைத்திருந்தார். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும் சரி. நான் சமையலறையில் என் முனையை இடுப்பளவில் போட்ட குறியோடு வைத்துப் பிடித்தேன். அவர் தெருவில் தன் முனையில் தண்ணீர் நின்ற இடத்தில் கோடு போட்டார். அந்த இரண்டு கோட்டிலிருந்து கீழே அளந்தால், சிங்க் குழாய் எவ்வளவு ஒசரம், சாக்கடை எவ்வளவு பள்ளம் என்று தெரிந்துவிடும்.

அளந்தார். முகம் கொஞ்சம் சுருங்கி, அப்புறம் விரிந்தது.

"ஒன்றரை அங்குலம்தாண்ணே இருக்கு. சிங்க்கை இன்னும் கொஞ்சம் தூக்குனா தேவலை."

"தூக்க முடியாது. மங்கை அளவு அது."

"அப்ப இதுவே போதும். வளைவு சுளிவு இல்லாம போட்டுத் தர்றேன். போயிரும்."

என் தோளுக்கும் இந்தக் குழாய்க்கும் ஒரே வாட்டம் என்று எனக்கு ஒரே பெருமை.

என் கைப் பழக்கம்

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

கோயில் மணிச் சத்தம் கேட்டால் என் கை இரண்டும் தானாகச் சேர்ந்துவிடும். நான் சேர்ப்பதில்லை. அவை சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரியும். கண்ணும் மூடிக்கொள்ளும். கடையில் வாடிக்கையாளர்களுக்கு இது பழக்கம். கத்தரிக்கோலோடு கும்பிட்டிருக்கிறேன். இஸ்திரிப் பெட்டியோடு ஒரு தடவை கும்பிடப் போய், குரும்பகரத்து வாத்தியார் ஒருவரின் வேட்டியில் முக்கோணமாக ஒரு ஓட்டை விழுந்தது. அவர் நல்ல மனிதர். ஓட்டையை உள்மடிப்பில் விட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். தெருமுனைப் பிள்ளையாருக்கு மணி அடித்தது. கை இரண்டும் மேலே போய்விட்டன. சைக்கிள் தன் இஷ்டத்துக்குப் போய், கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடையோடு வந்த மீன்காரம்மா மேல் முட்டியது. ரோடெல்லாம் மத்தி மீன். நான் அசைவம் தொடாதவன். ஒவ்வொரு மீனாகப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். பொறுக்கி முடிக்கிற வரை அந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. பிறகு சொன்னது:

"சாமி கும்புட வேணாங்கல தம்பி. காலை ஊனிக்கிட்டு கும்புடு."

அன்றிலிருந்து கோயிலைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். கையில் வேறு எதையாவது பிடித்திருந்தால் என்ன செய்வது என்று அந்தம்மா சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்கெல்லாம் அளந்தது

கறிவேப்பிலை நின்ற அன்றைக்கு ஹாஜா பாய் வந்து குழாயைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் குளம் கட்டி நின்றது. அதில் சோற்றுப் பருக்கை, பருப்பு, எண்ணெய்ப் பாசி. சுத்தம் செய்து மாட்டினார். நாலு நாளில் மறுபடி அடைத்தது. மறுபடி வந்தார்.

"நான் போட்ட கோட்டுக்கு ஒரு நூல்கூட பிசகாம குழாய் நிக்குதுண்ணே. எனக்கே புரியல."

"கோட்டுக்கு நிக்கிது. தண்ணிக்கு நிக்கலியே பாய்," என்றேன்.

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதைவிட, கடையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மங்கை மறுபடி கொல்லையில் குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்திருந்தாள். தினமும் காலையில் அவள் கல்லைப் பிடித்து எழுந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருவேன். வருகிற கோபத்தை எல்லாம் வருகிறவர்களிடம் கொட்டினேன். காலர் தைக்கக் கொடுத்தவர், கைலி ஓரம் அடிக்க வந்தவர், வழி கேட்க வந்தவர் எல்லோருக்கும் ஹாஜா பாய் கதை. ஸ்கேலைச் சாய்த்து வைத்து, அதில் ஒரு பட்டனை உருட்டி, "இப்படி இருக்க வேண்டியது, இப்படி இருக்கு," என்று செய்தே காட்டினேன்.

ஜிப்பா வாங்க மரைக்காயர் வந்தார். எங்கள் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அவருக்கும் பட்டனை உருட்டிக் காட்டினேன்.

"அப்படியா டெய்லர்," என்றார். ஜிப்பாவை மடித்து வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது அளவு

அதற்கு அடுத்த வாரம், சுள்ளென்ற வெயிலில் ஹாஜா பாய் டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே மங்கையிடம் மோர் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

"அண்ணே, மறுபடி மட்டம் பாக்கணும். புடிங்க."

"என்ன பாய் இவ்வளவு அவசரம்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பள்ளியில தொழுவறதுக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யற இடத்தைப் புதுசா கட்டுறாங்க. இருபது குழாய், ஒரே கால்வாய், தண்ணி தேங்காம போவணும். வெளிநாட்டுல ஊரான் கட்டடத்துக்கெல்லாம் போட்டேன்ண்ணே. திரும்பி வந்து நம்ம பள்ளிக்குப் போட்டுக் குடுக்கணும்னு அப்பவே நேர்ந்துக்கிட்டேன். எனக்குத்தான்னு பேசியும் வெச்சிருந்தாங்க. இப்ப மரைக்காயர் சொல்றாரு, ஒரு சிங்க்குக்கு வாட்டம் புடிக்கத் தெரியாதவன்கிட்ட எப்படிக் குடுக்கறதுன்னு. இன்னிக்கு மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி உக்காந்து வேற ஆளைப் பேசப் போறாங்க."

பட்டன் உருண்ட சத்தம் காதில் கேட்டது.

"நான் தப்புப் பண்ணியிருந்தா ஒத்துக்கறேன். ஆனா என்ன தப்புன்னு எனக்குத் தெரியணும்," என்றார்.

டியூபின் முனையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பழைய குறியோடு வைத்தேன். தண்ணீர் ஆடி ஆடி நின்றது. "சரி பாய்!" என்று குரல் கொடுத்தேன்.

அப்போது உச்சிக்காலப் பூஜைக்கு மணி அடித்தது. எங்கள் கோயிலில் இப்போது மின்சார மணி. மணி, முரசு, சேகண்டி எல்லாம் ஒரே பெட்டியில் ஒரே நேரத்தில் அடிக்கும். சமையலறைப் பாத்திரங்கள் அதிரும்.

நான் பாட்டுக்கு 'சிவ சிவ' என்று நின்றுகொண்டிருந்தேன். சந்தில் தடதடவென்று ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, கண்ணைத் தொறக்காதீங்க. அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. அக்கா, இங்க வாங்க. ஓடி வாங்க."

மங்கை வரும் கொலுசுச் சத்தம். கொலுசு என் பக்கத்தில் வந்து நின்றது.

"இப்ப தொறங்கண்ணே."

திறந்தேன். என் இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியிருந்தன. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில், ஊதுவத்தி போல, டியூபின் முனை நின்றது. சுவரில் இருந்த குறிக்கும் அதற்கும் நாலு அங்குலம் தூரம்.

"நீங்க நாலு அங்குலம் தூக்குனீங்க, பாதிக்குப் பாதி எங்கிட்ட ரெண்டு அங்குலம் தண்ணி ஏறுச்சு," என்றார் பாய். "அன்னிக்கும் இதே நேரம்தாண்ணே. மணி அடிச்சுது. நான் அந்தப் பக்கம் அப்பதான் கோடு போட்டேன்."

மங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு அங்குலம் தப்புன்னா, ஒன்றரை அங்குலம் வாட்டம்னு சொன்னது?"

"வாட்டமே கிடையாதுக்கா. தெருப்பக்கம்தான் அரை அங்குலம் ஒசரம். இவ்வளவு நாளா தண்ணி மேட்டுல ஏறிக்கிட்டு இருந்திருக்கு."

அரை அங்குலம் பிசகினால் காலர் நிற்காது என்று முப்பது வருசமாக எல்லோருக்கும் பாடம் சொன்னவன் நான். பாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் வர்றேன் பாய். இப்பவே வர்றேன். டியூபை எடுங்க."

பள்ளிவாசலில் ஒரு கும்பிடு

அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். நிர்வாகத்தார் ஐந்து பேர் ஒளு செய்யும் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய், நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

யாரும் நம்பவில்லை.

"டெய்லர், கூட்டாளிக்காகச் சொல்றீங்க. நல்ல மனசு," என்றார் மரைக்காயர். "ஆனா கும்புட்டதுல குழாய் கோணிப்போச்சுன்னா, கேக்கறதுக்கே எப்படியோ இருக்கு."

ஹாஜா பாய் டியூபை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து ஒரு தூண் அருகே நிறுத்தினார். இன்னொரு தூணில் தன் முனையை வைத்து, தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். மரைக்காயர் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டின் பக்கத்தில் நின்றார்.

"கும்பிடுங்கண்ணே," என்றார் பாய்.

கும்பிட்டேன். ஆனால் அந்தக் கும்பிடு வரவில்லை. ஐந்து பேர் பார்க்கும்போது, மணி இல்லாமல், சொல்லிவைத்துக் கும்பிட எனக்கு வராது போலிருக்கிறது. கை ஏதோ கடனுக்குச் சேர்ந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

மரைக்காயர் குனிந்து பார்த்தார்.

"கால் அங்குலம் ஏறியிருக்கு."

"நல்லா கும்பிடுங்கண்ணே," என்றார் பாய் கெஞ்சலாக.

"வரமாட்டேங்குது பாய்."

"வீட்டுல எப்படிக் கும்புட்டீங்க?"

"அது நான் கும்புடல. அதுவா வந்தது."

நிர்வாகத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாவுது. வேற ஆள்கிட்ட பேசிட்டு..." என்று எழுந்தார். பாயின் தோள் இரண்டும் இறங்கிப்போனதை நான் பார்த்தேன். ஈசுவரா, என் வாய் செய்த வேலைக்கு இந்த மனிதனை ஏன் தண்டிக்கிறாய் என்று மனசுக்குள் கேட்டேன்.

அப்போது தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கியில் லுஹர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எழுந்தது.

என் கண் மூடிக்கொண்டது. கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரியும். கை இரண்டும் டியூபோடு நெஞ்சைத் தாண்டி, மோவாயைத் தாண்டி, நெற்றிக்குப் போய் நின்றதாம்.

அந்தப் பக்கம் தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியது. இரண்டு அங்குலம், மூன்று அங்குலம். அப்புறம் டியூபின் வாயிலிருந்தே வழிந்து ஹாஜா பாயின் மணிக்கட்டில் இறங்கி, கை மடிப்புக்குள் புகுந்து, நான் தைத்த சட்டையை நனைத்தது.

பாங்கு சொல்லும்போது அவர்கள் பேசமாட்டார்கள். அது வழக்கம். 'கையை இறக்குங்கண்ணே' என்று பாயால் சொல்ல முடியவில்லை. 'போதும் டெய்லர்' என்று மரைக்காயராலும் சொல்ல முடியவில்லை. நானோ கண் மூடியவன், முடிகிற வரை திறக்கமாட்டேன். ஆக, பாங்கு முடிகிற வரைக்கும் நான் ஏந்திக்கொண்டு நின்றேன், பாய் நனைந்துகொண்டு நின்றார், நிர்வாகத்தார் ஐந்து பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாங்கு முடிந்தது. ஓதவேண்டியதை மெதுவாக ஓதினார்கள். அது முடிந்ததும் மரைக்காயர் முதலில் வெடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிகாரம் பார்த்தவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார். ஹாஜா பாய் சட்டையைப் பிழிந்தபடியே சிரித்தார். நான்தான் என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றேன்.

"ஹாஜா," என்றார் மரைக்காயர், மூச்சு வாங்க. "வேலைய நீயே செய். இன்ஷா அல்லா, வர்ற வாரம் ஆரம்பி." என் பக்கம் திரும்பினார். "டெய்லர், ஒரே ஒரு உதவி. இங்க மட்டம் பாக்கற அன்னிக்கு மட்டும் நீங்க தயவுசெஞ்சு கடையிலேயே இருங்க."

"இருக்கேங்க," என்றேன்.

வெளியே வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "சட்டைய காயப்போட்டுக் குடுங்க பாய், இஸ்திரி போட்டுத் தர்றேன்," என்பது மட்டும்தான் வந்தது.

"மணி அடிக்காத நேரமா பாத்துப் போடுங்கண்ணே," என்றார்.

மங்கையின் மூன்று அங்குலம்

சரியான அளவு தெரிந்த பிறகு வழி ஒன்றுதான் இருந்தது. சாக்கடையை இறக்க முடியாது. சிங்க்கைத்தான் தூக்க வேண்டும். மூன்று அங்குலம் தூக்கினால் இரண்டரை அங்குலம் வாட்டம் கிடைக்கும் என்றார் பாய்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்காக எடுத்த அளவு.

"சிங்க்கு ஏறட்டும்ங்க," என்றாள் மங்கை. "நானும் ஏறிக்கறேன்."

கடையில் ஒரு பழைய மிஷினின் மேல்பலகை சும்மா கிடந்தது. என் முதல் மிஷினின் பலகை. அடியில் இரண்டு கட்டை கொடுத்து, சரியாக மூன்று அங்குலத்துக்கு ஒரு மணை செய்தேன். அதில் ஏறி நின்று பார்த்தாள். கை அதே இடத்தில் தொங்கியது. "இனிமே நான் அம்பத்தொம்பதரை அங்குலம்," என்றாள்.

பாய் கடைசித் தடவையாக மட்டம் பார்க்க வந்தார். நான் டியூபை வாங்கக் கையை நீட்டினேன். மங்கை நடுவில் புகுந்து முனையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க அந்தாண்ட போய்க் கும்பிடுங்க. நான் புடிக்கிறேன்."

"உனக்குப் பழக்கமில்லையே."

"பாத்திரம் புடிச்ச கை இது. நழுவாது."

குறியோடு வைத்தாள். தண்ணீர் ஆடி நின்றது. மணி அடித்தது, பாத்திரம் அதிர்ந்தது. சந்திலிருந்து பாய் கத்தினார்.

"டியூபு யாரு கையில?"

"என் கையிலதான் பாய்."

"அப்ப கோடு போடலாம்."

நான் கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்தேன். அவள் அசையாமல் நின்றிருந்தாள். உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"நீ கும்புடலியா?"

"ரெண்டு கையும் வேலையா இருக்குன்னு அவருக்குத் தெரியாதாக்கும்," என்றாள்.

குழாய் மாறியது. மறுநாள் மத்தியானம் மங்கை மணை மேல் ஏறி நின்று, சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து, வேண்டுமென்றே ஒரு கறிவேப்பிலையை அதில் போட்டாள். அடைப்பானை எடுத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

சின்னதாக ஒரு சுழி விழுந்தது. இலை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. நடுவில் வந்து செங்குத்தாக நின்றது. போய்விட்டது. தெருப்பக்கம் சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மங்கை என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, சிங்க்கையுமா?"

பார்த்தேன். கை இரண்டும் கூப்பித்தான் இருந்தன. நல்லவேளை, அவற்றில் எதுவும் இல்லை.